ஐந்து யார் தூரம்



இப்பக்கத்தில் வழக்கமாக நாம் சலரோகம், கொலஸ்திரோல், முழங்கால் நோ என்றுதான் எழுதி வருகிறோம். இம்முறை கொஞ்சம் விலகி ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறோம். அதுவும் எம்மில் பெரும்பாலானோர் தொலைக்காட்சியில் வந்தவுடனேயே வேறு சனலுக்கு மாற்றிவிடும் அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பற்றி! தலைக்கவசம் போட்ட பெரிய உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதும், விசில் ஊதுவதும், எல்லோரும் எழும்பி மறுபடியும் வரிசையில் நிற்பதும். "உதிலை என்ன கிடக்கு?" என்று கேட்காத தமிழ்ப் பெற்றோர் குறைவு. எமது மகன் பாடசாலை அணியில் சேர்ந்த பிறகுதான் நாம் அதன் பழைய வரலாற்றை வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க, எமது சிகிச்சை அறைக்கு வந்துபோகும் முகங்களே நினைவுக்கு வந்தன. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எமது ஆட்களிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். "சமாளிக்கிறம் டொக்டர்." அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலை, வீட்டுக்கடன், ஊரில் காணாமற்போன தம்பி, நித்திரை வராத இரவு எல்லாவற்றையும் அடக்கிவிடுவார்கள். நாம் சமாளிக்கத் தெரிந்த சனம். அதில் சந்தேகமில்லை. ஆனால் சமாளிப்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆளை மெல்ல மெல்ல முன்னே கொண்டுபோகும். மற்றது ஆளை நின்ற இடத்திலேயே நிறுத்தி உள்ளிருந்து தின்னும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்

1869 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆம் திகதி நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கேர்ஸ், பிரின்ஸ்ரன் என்ற இரு கல்லூரிகளும் மோதின. பக்கத்துக்கு 25 பேர். ரட்கேர்ஸ் 6 க்கு 4 என்று வென்றது. அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தின் முதல் ஆட்டம் என்று இதைத்தான் சொல்வார்கள். ஆனால் அது நாம் ஊரில் விளையாடிய உதைபந்தாட்டத்துக்குத்தான் கிட்டவாக இருந்தது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் முறை கனடாவிலிருந்து போனது என்பது எமக்கு ஒரு சின்னப் பெருமை! 1874 மே மாதம் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஹாவார்ட்டுக்குப் போய் இரண்டு ஆட்டங்கள் ஆடினார்கள். ஒன்று ஹாவார்ட்டின் விதிப்படி, மற்றது மக்கில்லின் றக்பி விதிப்படி. ஹாவார்ட்காரருக்கு மக்கில்லின் ஆட்டமே பிடித்துவிட்டது. அங்கிருந்து அது மற்றக் கல்லூரிகளுக்கும் பரவியது.

1880 இல் யேல் கல்லூரியைச் சேர்ந்த வோல்ரர் காம்ப் என்பவரின் யோசனைப்படி ஒரு விதி வந்தது. ஆள் விழுத்தப்பட்டதும் பந்து யாரிடம் இருந்ததோ அந்த அணியிடமே இருக்கும். இரு அணிகளும் நேருக்கு நேர் வரிசையாக நிற்க, ஆட்டம் மறுபடி தொடங்கும். நல்ல விதிதான். ஆனால் பந்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. 1881 இல் யேலும் பிரின்ஸ்ரனும் ஆடியபோது, முதற் பாதி முழுவதும் பிரின்ஸ்ரன் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டாம் பாதி முழுவதும் யேல் அதையே செய்தது. தோற்றுவிடக் கூடாது என்பதுதான் இருவருக்கும் நோக்கம். முடிவு பூச்சியத்துக்குப் பூச்சியம். பார்க்க வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகு, 1882 இல்தான் அந்த விளையாட்டுக்கு உயிர் கொடுத்த விதி வந்தது. மூன்று முயற்சிக்குள் 5 யார் தூரம் முன்னே போக வேண்டும், இல்லாவிட்டால் பந்தை மற்றவரிடம் கொடுக்க வேண்டும். நாம் துணி அளக்கும் அதே யார்தான். 5 யார் என்றால் நாலரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட. எமது வீடுகளின் வரவேற்பறை நீளம்! அதை அளப்பதற்காக மைதானம் முழுவதும் ஐந்து யாருக்கு ஒரு கோடு போட்டார்கள். ஐந்து யாரைக் கடந்துவிட்டால் மறுபடியும் புதிதாக மூன்று முயற்சி கிடைக்கும். அந்த முயற்சிகள் பந்து கிடக்கும் இடத்திலிருந்தே தொடங்கும். மைதானத்தின் கடைசிக் கோட்டை ஒரே ஓட்டத்தில் தொடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் முன்னேறுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை நாம் சிகிச்சை அறையில் ஒவ்வொரு கிழமையும் காண்கிறோம். மனச்சோர்வு வந்தவர் காலையில் எழும்புகிறார், வேலைக்குப் போகிறார், வருகிறார், படுக்கிறார். ஒன்றும் விழவில்லை, ஒன்றும் நகரவும் இல்லை. கேட்டால் "சமாளிக்கிறம்". மனச்சோர்வு என்ற சொல்லை எமது ஆட்கள் சொல்லவே மாட்டார்கள். உடம்பு உளைவு, தலைப்பாரம், நெஞ்சு இறுக்கம், சமிபாடு இல்லை, கைகால் எரிவு என்றுதான் வருவார்கள். இரத்தப் பரிசோதனை செய்வோம். செய்யத்தான் வேண்டும். தைரொயிட் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, மரக்கறி மட்டும் உண்பவர்களிடம் விற்றமின் பி12 குறைவு என்பனவும் ஆளைச் சோர்வடையச் செய்யும். எல்லாம் சரியாக இருந்து, மனம் விருப்பமின்றிக் கிடப்பதும், முன்பு பிடித்த காரியங்களில் நாட்டம் இல்லாமற் போவதும் அநேக நாட்களில், இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால் அது சோம்பலும் அல்ல, செய்வினையும் அல்ல. அது ஒரு நோய். சிகிச்சை உள்ள நோய்.

தபால்பெட்டி வரை

எம்மிடம் ஒரு அம்மா வந்தார். (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறோம்.) அறுபத்தெட்டு வயது. மகன் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர். மகனும் மருமகளும் வேலை, பேரப்பிள்ளைகள் பாடசாலை. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை நிலக்கீழ் அறையில் தனியாக. ஊரில் விடிய எழும்பி முற்றம் கூட்டி, பூப்பறித்து, கோயிலுக்கு நடந்து போனவர். இங்கு வந்த முதற் பனிக்காலத்தில் ஏறத்தாழ நான்கு மாதம் வெளியே காலடி வைக்கவில்லை. மகன் நல்ல பிள்ளை. "அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை டொக்டர், எல்லாம் வாங்கிக் குடுக்கிறன்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டபோது, "தம்பி, நான் ஏன் எழும்ப வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

இப்படியானவரிடம் "நாளுக்கு ஒரு மணித்தியாலம் நடவுங்கள், தியானம் செய்யுங்கள், நாலு பேரோடு பழகுங்கள்" என்று ஒரு பெரிய பட்டியலைக் கொடுப்பது, மைதானத்தின் மறு கோட்டுக்கு ஒரே ஓட்டத்தில் ஓடச் சொல்வது போன்றது. நாம் கேட்டது ஒன்றே ஒன்று. காலை ஒன்பது மணிக்கு, தடித்த ஜக்கெற்றும் சப்பாத்தும் போட்டு, தெருமுனைத் தபால்பெட்டி வரை போய், கடிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறந்து பார்த்துவிட்டு வரவேண்டும். பனி உறைந்து வழுக்கும் நாட்களில் மட்டும் வேண்டாம். காலை வெளிச்சம் கண்ணில் படுவது நித்திரையையும் மனநிலையையும் சீராக்க உதவும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், விருப்பம் வந்த பிறகு காரியம் செய்வோம் என்று காத்திருந்தால் இந்த நோயில் விருப்பம் வரவே வராது. காரியத்தைச் சிறிதாகச் செய்யச் செய்யத்தான் விருப்பம் பின்னால் வரும். மனநல வைத்தியத்தில் இது நன்கு சோதிக்கப்பட்ட முறை. கூடவே ஒரு குளிசையும் தொடங்கினோம். இந்தக் குளிசைகள் வேலைசெய்ய இரண்டு முதல் ஆறு கிழமை வரை எடுக்கும். மூன்றாம் நாளே "ஒண்டும் செய்யேல்லை" என்று குப்பையில் போடுவோர் பலர். மது, சிகரெட் போல ஆளை அடிமையாக்கும் மருந்தும் அல்ல. ஆனால் நினைத்தவுடன் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வைத்தியரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மாசி மாதத்தில் அந்த அம்மாவின் தங்கை ஊரில் காலமானார். போகமுடியவில்லை. மறுபடியும் படுக்கை. மகன் தொலைபேசியில், "எல்லாம் வீணாப் போச்சு டொக்டர்" என்றார். வீணாகவில்லை. பந்து பின்னே தள்ளப்பட்டால் அது கிடக்கும் இடத்திலிருந்துதான் அடுத்த முயற்சி. தபால்பெட்டியிலிருந்து மீண்டும் தொடங்கினோம். இரண்டாம் முறை வேகமாக வந்துவிட்டார், ஏனென்றால் வழி தெரிந்திருந்தது. இப்போது எமது சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடலுக்கு வருகிறார். அங்கே சத்தமாகச் சிரிக்கும் அம்மா யார் என்று கேட்டு எம்மைச் சங்கடப்படுத்த வேண்டாம்!

சின்னத் தூரத்தின் வலிமை மனநோய்க்கு மட்டும் உரியதல்ல. சலரோகம் வரும் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு செய்து 2002 இல் வெளியிட்டார்கள். உடல் நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும், கிழமைக்கு 150 நிமிடம் விரைவாக நடப்பதும்தான் ஒரு பகுதியினருக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குச் சலரோகம் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெற்போமின் குளிசை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான். 80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோ சொச்சம். கலியாண வீட்டுக்கு வந்த ஒரு சொந்தக்காரர்கூட "மெலிஞ்சிட்டியள்" என்று சொல்லமாட்டார். ஆனால் உடம்புக்குள் நடக்கும் மாற்றம் அவ்வளவு.

இதெல்லாம் எமக்குப் புதிதா? 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு வெளிக்கிட்டவர்களைக் கேளுங்கள். நாமும் அந்தச் சனத்துக்குள் இருந்தோம். நாவற்குழிப் பாலம் நோக்கி, மழையில், ஒரு இரவு முழுவதும். சாவகச்சேரி எத்தனை மைல் என்று அங்கே யாரும் கணக்குப் பார்க்கவில்லை. முன்னே நின்றவரின் சைக்கிள் ஒரு அடி நகர்ந்தால் நாமும் ஒரு அடி நகர்ந்தோம். அது எமக்குத் தெரியாத பாடம் அல்ல. சென்ரல் ஹீற்றிங் உள்ள வீட்டுக்கு வந்ததும் எப்படியோ மறந்து போகிறது.

ஜக் ரைஸின் தோள் எலும்பு

இனி மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஏனென்றால் "விடாமல் நில்" என்ற புத்தியினாலேயே செத்தவர்களும் உண்டு.

ஜக் ரைஸ் என்பவர் அயோவா மாநிலக் கல்லூரியின் முதல் கறுப்பின விளையாட்டு வீரர். கால்நடை வளர்ப்புப் படித்தவர். படித்து முடித்துத் தெற்கு மாநிலங்களில் உள்ள கறுப்பின விவசாயிகளுக்கு உதவ வேண்டும் என்பது அவரது எண்ணம். 1923 ஒக்ரோபர் 6 ஆம் திகதி மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு, விடுதி அறையில் இருந்து தனக்குத்தானே ஒரு கடிதம் எழுதி வைத்தார். தன் இனத்தின், குடும்பத்தின், தன்னுடைய மானம் நாளைய ஆட்டத்தில் தங்கியிருக்கிறது என்பதே அதன் சாரம். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவரது காறை எலும்பு உடைந்தது. அவர் வெளியே வரவில்லை. தொடர்ந்து ஆடினார். மூன்றாம் காற்பகுதியில் எதிரணியினர் பலர் அவரை மிதித்துக்கொண்டு போனார்கள். வைத்தியசாலையில் பார்த்து, பயணம் செய்யலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ரயிலில் வைக்கோல் மெத்தையில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். ஒக்ரோபர் 8 ஆம் திகதி உள் இரத்தக்கசிவினால் இறந்துபோனார். வயது 21. அந்தக் கடிதம் அவரது கோட்டுப் பைக்குள் இருந்து பிறகுதான் கிடைத்தது. 1997 இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழக அரங்குக்கே அவரது பெயர் வைத்தார்கள்.

இந்த வரலாற்றை வீரக் கதையாகச் சொல்வோர் பலர். வைத்தியராக நாம் வாசிக்கும்போது மனம் அந்தக் காறை எலும்பிலேயே நின்றுவிடுகிறது. அவர் ஏன் வெளியே வரவில்லை? வந்தால் "கறுப்பன் தாங்கமாட்டான்" என்று சொல்வார்கள் என்ற பயம் இருந்திருக்காதா? முழு இனத்தின் மானத்தையும் ஒரு பையனின் தோளில் ஏற்றிவிட்டால், அந்தத் தோள் உடைந்தாலும் அவன் சொல்லமாட்டான்.

எமது சமூகத்திலும் இதே கதைதான், மைதானம் மட்டும் வேறு. ஐம்பத்தாறு வயது அண்ணை ஒருவர், இரவு வேலை. மூன்று கிழமையாக மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் எரிவு, இடது தாடைவரை ஒரு இழுவை. இருந்தால் குறையும். சலரோகமும் உண்டு. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மகளின் கலியாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. "கலியாணம் முடியட்டும் எண்டுதான் பேசாமல் இருந்தனான் டொக்டர். இப்ப சொன்னால் எல்லாரும் குழம்பிப் போயிடுவினம்." வாய்வுக்கு மருந்து கேட்கத்தான் எம்மிடம் வந்தார். ஈசிஜியைப் பார்த்ததும் நாமே அம்புலன்ஸைக் கூப்பிட்டோம். இரண்டு ஸ்ரென்ற் வைத்தார்கள். கலியாணத்தில் மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க அவர் இருந்தார். இன்னும் ஒரு கிழமை சமாளித்திருந்தால் இருந்திருப்பாரா என்று எம்மால் சொல்லமுடியாது.

நடக்கும்போது வந்து, இருந்தால் குறையும் நெஞ்சு இறுக்கம், எரிவு, தாடையிலோ கையிலோ முதுகிலோ இழுவை இருந்தால் அன்றே வைத்தியரைக் காணுங்கள். இருக்கும்போதே வந்து சில நிமிடங்களில் அடங்காவிட்டால், அல்லது கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் 911 ஐ அழைக்க வேண்டும். மகனின் காரில் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். சலரோகம் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுநோ இல்லாமலேயே வெறும் களைப்பு, குமட்டல், மூச்சு வாங்குதல் என்று மாரடைப்பு வரலாம்.

பிள்ளைகள் விளையாடும் பெற்றோருக்கு ஒரு சொல். ஒட்டாவாவில் ரோவன் ஸ்ரிங்கர் என்ற 17 வயது மாணவி, றக்பி விளையாடும்போது சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு 2013 மே மாதம் இறந்தார். முதல் அடிகளின் பாதிப்பு ஆறும் முன்னர் மறுபடியும் அடிபட்டதே காரணம். அதன் விளைவாக ஒன்ராறியோவில் 2018 இல் அவரது பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. தலை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், வைத்தியர் அல்லது நேர்ஸ் பிரக்ரிஷனர் பார்த்து அனுமதித்த பிறகே திரும்ப விளையாடலாம். தலையிடி, வாந்தி, மங்கலான பார்வை, வழமைக்கு மாறான எரிச்சல், பாடத்தில் கவனமின்மை என்று ஏதாவது இருந்தால் "ஆம்பிளைப் பிள்ளை, தாங்குவான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெண்பிள்ளையும் அப்படியே.

விதியை மாற்றினார்கள்

1905 ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் இந்த விளையாட்டில் குறைந்தது 18 பேர் இறந்ததாக அன்றைய சிகாகோ ரிபியூன் பத்திரிகை எழுதியது. அநேகர் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். எல்லோரும் ஒன்றாகக் கைகோத்து ஆப்புப் போல மோதுவதே அன்றைய ஆட்டமுறை. தலைக்கவசம் கட்டாயமில்லை. தடைசெய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் குரல். இதெல்லாம் ஆண்மைக்குத் தேவை, தாங்கவேண்டும் என்று மறுபக்கம். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் அந்த ஒக்ரோபர் மாதம் ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுக் கதைத்தார். கொலம்பியா பல்கலைக்கழகம் விளையாட்டையே நிறுத்திவிட்டது. இறுதியில் 1906 இல் விதிகளைத் திருத்தினார்கள். பந்தை முன்னோக்கி எறியலாம் என்று ஆனது. ஐந்து யார் பத்து யாராகியது, அதனால் சும்மா முட்டித் தள்ளி வெல்வது கடினமானது. இரு வரிசைகளுக்கும் நடுவில் இடைவெளி வந்தது. ஆட்ட நேரம் 70 நிமிடத்திலிருந்து 60 ஆகக் குறைந்தது. அதுவும் போதவில்லை. 1910 இல் ஆட்டத்தை நான்கு காற்பகுதிகளாகப் பிரித்து இளைப்பாற இடம் வைத்தார்கள். 1912 இல் மூன்று முயற்சி நான்காகியது.

கவனியுங்கள். "பிள்ளைகள் இன்னும் உறுதியாக இருக்கவேண்டும்" என்று ஒருவரும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. ஆட்கள் உடைகிறார்கள் என்றால் ஆட்டத்தின் விதியில் பிழை இருக்கிறது என்று பார்த்தார்கள்.

வீட்டுக்கும் இது பொருந்தும். இரவு வேலை செய்யும் தகப்பன் பகலில் நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டு, பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கும் நடனத்துக்கும் மிருதங்கத்துக்கும் ஏற்றி இறக்குகிறார். தாய் வேலையும் செய்து, சமைத்து, மாமிக்கு இன்சுலினும் போடுகிறார். இருவரில் ஒருவர் விழுந்தால் "மனத்தைரியம் இல்லை" என்கிறோம். மனத்தைரியத்துக்கு ஒரு குறையும் இல்லை. விதிதான் தவறு. மூன்று வகுப்பில் ஒன்றை நிறுத்தலாம். இன்சுலின் போட மகனும் பழகலாம். பிறந்தநாள் விழாவுக்கு மண்டபம் எடுக்காமல் விட்டால், மாதம் இரண்டு ஓவர்டைம் குறையும். (இதை எழுதியதற்கு மண்டப உரிமையாளர்கள் கோபிக்கக் கூடாது. இவ்விதழிலேயே விளம்பரம் தருபவர்கள்!)

1890 களில் வொஷிங்ரனில் உள்ள கலோடெற் என்ற செவிப்புலனற்றோர் கல்லூரியின் அணி, எதிரணிக்குத் தமது சைகைகள் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக வட்டமாகக் கூடி நின்று கைகளால் கதைத்தது. இன்று அணிகள் முயற்சிக்கு முன் வட்டமாகக் கூடுவதற்கு அதுவே தொடக்கம் என்பார்கள். காது கேளாதவர்கள் கூடிக் கதைத்தார்கள். காது கேட்கும் எமது வீடுகளில் ஒரே மேசையில் நாலு பேர் நாலு தொலைபேசியோடு இருக்கிறோம். கிழமையில் ஒரு நாள், பத்து நிமிடம், "இந்தக் கிழமை யாருக்குப் பாரம் கூட?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு கிழமை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். மூன்றாவது கிழமை அநேகமாகக் கடைசிப் பிள்ளைதான் தொடங்கும்.

இன்னொருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. பிரிற்ஸ் பொலார்ட். 1916 இல் பிரவுன் பல்கலைக்கழகத்துக்காக றோஸ் போல் போட்டியில் ஆடியவர். 1920 இல் அக்ரன் அணியோடு தொழில்முறைச் சாம்பியன் ஆனவர். அடுத்த ஆண்டே அந்த அணியின் பயிற்றுநராகவும் இருந்தார். அந்தப் பொறுப்பில் இருந்த முதல் கறுப்பினத்தவர் அவர். மற்ற வீரர்களோடு சேர்ந்து உடைமாற்ற முடியாமல், அணி உரிமையாளரின் சுருட்டு வியாபார நிலையத்தில் உடைமாற்றிக்கொண்டு போய் ஆடினார். அவரை விழுத்திய பிறகும் மேலே பாய்ந்து மிதிப்பார்கள். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். விழுந்தவுடன் மல்லாக்கப் புரண்டு, ஆணி வைத்த சப்பாத்துக் கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல மேலே சுழற்றுவார். ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள். பிறகு எழும்பி அடுத்த முயற்சிக்குப் போவார். 1934 முதல் 1945 வரை அந்தத் தேசிய லீக் ஒரு கறுப்பின வீரரையும் சேர்க்கவில்லை. பொலார்ட் 1986 இல் காலமானார். புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2005 இல்தான்.

நாம் இந்த நாட்டுக்கு வந்து, வைத்தியப் பட்டத்தை இங்கு ஏற்கச் செய்ய ஏழு வருடம் போனது. இரவில் காவற்பணி, பகலில் படிப்பு. அந்த நாட்களில் பொலார்ட்டைப் பற்றி எமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு விடயம் விளங்கியிருக்கும். அவர் அடியை வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையை முதலில் செய்தார். நித்திரையும் சாப்பாடும் மருந்தும் நம்பிக் கதைக்க ஒரு ஆளும் எமக்கு அந்தச் சைக்கிள் மிதிப்புத்தான்.

சில நடைமுறைக் காரியங்கள். வைத்தியரிடம் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதி இன்றி வெளியே சொல்ல எமக்கு உரிமை இல்லை. உங்கள் கணவருக்குக்கூட. உயிருக்கு ஆபத்து, பிள்ளைகளின் பாதுகாப்பு போன்ற ஒரு சில சட்டபூர்வமான விலக்குகள் மட்டுமே உண்டு. ஒன்ராறியோவில் மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் அரச செலவில் பேச்சுச் சிகிச்சைத் திட்டம் உண்டு, குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கோ நீங்கள் அறிந்தவருக்கோ வந்தால், கனடா முழுவதும் 988 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். 2023 நவம்பர் முதல் இது நடைமுறையில் உள்ளது. உடனடி ஆபத்து என்றால் 911.

ஆங்கிலம் போதாது என்றால் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பத்து வயதுப் பேத்தியை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். "அம்மம்மாவுக்கு உயிரோடை இருக்க விருப்பமில்லையாம்" என்று அந்தப் பிள்ளையின் வாயால் சொல்லவைக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

அடுத்த இதழில் பனி அள்ளுவதும் இதயமும் பற்றி எழுதுவோம். அதற்குள் பனி கொட்டிவிட்டால், ஐம்பது தாண்டியவர்கள் தயவுசெய்து சவளை மகனிடம் கொடுங்கள்.